ஒரு ஸாவு எத்தனை கிலோ?

ஈகைப் பெருநாள் நெருங்க நெருங்கப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளில் ஓர் எண் ஏறும். வீட்டில் தலைக்கு இத்தனை கிலோ அரிசி, இல்லையேல் அதன் கிரயம், ஏழைகளுக்கு ஃபித்ராவாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அது சொல்லும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அந்த எண் இரண்டரை. சவூதி அரேபியாவின் நிலையான ஃபத்வா குழு ஏறத்தாழ 3 கிலோ என்கிறது. அதே நாட்டின் அறிஞர் இப்னு உதைமீன் நல்ல கோதுமையில் 2.04 கிலோ என்றார். யூசுஃப் அல்கர்ளாவி தம் ஜகாத் நூலில் கோதுமைக்கு 2.176 கிலோ என்று கணக்கிட்டார். ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) கணக்கிலோ முழு ஸாவு 3 கிலோவைத் தாண்டிவிடும். நபிகள் நாயகம் விதித்தது ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு ஸாவு. ஸாவு எடையன்று, பாத்திரம். நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாவு. நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் வருவது ஒரு முத். அந்தப் பாத்திரத்தைத் தராசில் ஏற்றும்போதுதான் எண்கள் பிரிகின்றன. இதைச் சில்லறைக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இறைவன் ஓர் அளவைக் கடமையாக்கும்போது எதைக் கடமையாக்குகிறான்? பாத்திரத்தின் கொள்ளளவையா, அதில் நிறையும் தானியத்தின் எடையையா, அதனால் தணியும் பசியையா?

கடமையானது முகத்தல் அளவுதான் என்பதும், எடை அதற்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டதே தவிர அதன் இடத்தில் உட்கார வந்ததல்ல என்பதும் என் துணிபு. இதற்கு முதல் ஆதாரம் கட்டளையின் அமைப்பிலேயே இருக்கிறது. நபித்தோழர் இப்னு உமரின் அறிவிப்பில் பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாவு, வாற்கோதுமையில் ஒரு ஸாவு என்று வருகிறது. அபூ ஸயீத் அல்குத்ரீயின் அறிவிப்பில் உலர் திராட்சையும் உலர்த்திய பாலாடைக்கட்டியும் சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே ஸாவு. வாற்கோதுமை உமியோடு கூடிய தானியம். ஒரு லிட்டரில் 600 முதல் 650 கிராம் அளவே நிற்கும். கோதுமை ஏறத்தாழ 750 முதல் 800 கிராம் நிற்கும். பேரீச்சம்பழத்தை உதிரியாகப் போட்டால் ஓர் எடை, அழுத்தி அடைத்தால் வேறோர் எடை. எடையைக் கருதியே கட்டளை இறங்கியிருக்குமானால், இத்தனை வேறுபட்ட பொருள்களுக்கும் ஒரே பாத்திரத்தை நிர்ணயித்திருக்க முடியாது. பொருளுக்குப் பொருள் எடை மாறும் என்பது அன்றைய மதீனாவில் சந்தைக்குப் போன எவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் பாத்திரம் ஒன்றாகவே நிற்கிறது. கொடுப்பவர் வீட்டில் எது இருக்கிறதோ அதை எடுத்து இந்தப் பாத்திரம் நிறைய அளந்தால் கடமை முடிந்தது. எடைக் கணக்கோ விலைக் கணக்கோ அவரிடம் கேட்கப்படவில்லை.

எடையை அந்தச் சமூகம் அறியாமல் இருந்ததால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டது என்று நினைப்பது தவறு. எடைக்கு மக்காவாசிகளின் எடையும், முகத்தலுக்கு மதீனாவாசிகளின் அளவும் அளவுகோலாகும் என்று நபிகளார் சொன்னதாக அபூ தாவூதும் நஸாயியும் பதிவு செய்திருக்கிறார்கள். மக்கா வணிக நகரம். வெள்ளியும் பொன்னும் கைமாறும் இடம். மதீனா பேரீச்சந் தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த ஊர். இரண்டு அளவைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எதற்கு எது என்பது தெளிவாகவே பிரிக்கப்பட்டது. வேளாண் சமூகங்கள் பலவும் இப்படித்தான் பிரித்திருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல் வருகிறது; நெல்லை அளக்க ஆடவல்லான் என்னும் மரக்கால் வருகிறது. இறைவன் பெயர் இரண்டுக்கும் ஒன்று, கருவி வேறு. நெல்லை நிறுக்கத் தெரியாதவர்கள் அல்லர் அந்தக் கோயில் கணக்கர்கள். சேர்த்து வைக்கும் பொருளுக்கு எடை என்றும், உண்ணும் பொருளுக்குக் கொள்ளளவு என்றும் ஒரு முறைமை இருந்தது. ஸாவு அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பிறகு எடை எப்படி உள்ளே வந்தது என்பதுதான் இந்த விவாதத்தின் வளமான பகுதி. அபூ ஹனீஃபாவின் மாணவரும் அப்பாஸியரின் தலைமை நீதிபதியுமான அபூ யூஸுஃப் மதீனாவுக்கு வந்தபோது ஸாவைப் பற்றி விசாரித்தார். கூஃபாவில் அவர் படித்த கணக்குப்படி ஸாவு என்பது 8 ராத்தல் எடை. மதீனாவாசிகள் தங்கள் ஸாவுதான் நபிகளாரின் ஸாவு என்றார்கள். ஆதாரம் என்ன என்று கேட்டார். மறுநாள் காலையில் நபித்தோழர்களான முஹாஜிர்கள், அன்ஸார்களின் பிள்ளைகளான முதியவர்கள் ஏறத்தாழ 50 பேர், ஆளுக்கொரு ஸாவைப் போர்வைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் தம் தந்தையிடமிருந்தோ குடும்பத்திலிருந்தோ வந்த பாத்திரம் இது என்று சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்த்தார், எல்லாம் ஒத்திருந்தன. நிறுத்துப் பார்த்தார்; ஐந்தே மூன்றில் ஒரு ராத்தல், அதிலும் சற்றே குறைவு. தம் ஆசிரியரின் கருத்தை இந்த ஒரு விஷயத்தில் அவர் கைவிட்டார். ஹதீஸ் அறிஞர் பைஹகீ தொகுத்த இந்தச் செய்தியில் எடை எந்த வேலையைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். அவரை மாற்றியது எடை அல்ல. வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த பாத்திரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியதுதான். எடை, அந்தப் பொருத்தத்தைப் பாக்தாதுக்கு எடுத்துச் செல்ல உதவிய குறிப்பு. பாத்திரத்தைத் தொலைவுக்கும் தலைமுறைக்கும் கடத்துவது கடினம்; நசுங்கும், தேயும், நகலெடுக்கும்போது பிசகும். மொராக்கோவை 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மரீனித் சுல்தான் அபுல் ஹசன், உலோகத்தில் முத் செய்வித்து, அது எந்த முத்தைப் பார்த்து அளவிடப்பட்டது, அது எதைப் பார்த்து என்று நபித்தோழர் ஸைத் இப்னு ஸாபித் வரை செல்லும் தொடரை அதன்மேல் பொறிக்கச் செய்தார். நபிமொழிக்கு அறிவிப்பாளர் தொடர் இருப்பதுபோலப் பாத்திரத்துக்கும் தொடர் வேண்டும் என்ற அளவுக்கு அந்தக் கவலை இருந்தது. தொடர் அறுந்துபோகுமோ என்ற அச்சத்துக்கு மாற்றாகத்தான் எடை எழுதிவைக்கப்பட்டது. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: இதில் அடிப்படை முகத்தல்தான், மறக்காமல் பாதுகாக்கவும் பிறருக்குக் கடத்தவுமே அறிஞர்கள் எடையில் மதிப்பிட்டார்கள் என்று.

அப்படி மதிப்பிட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பிடவில்லை. அஹ்மத் இப்னு ஹன்பல் மதீனாவின் ஸாவைச் சரிபார்த்தபோது பயன்படுத்தியது மசூர்ப் பயறு. அது இடம்விட்டு விலகாமல் நெருங்கி அமரும், ஆகவே அளந்து பார்க்க அதுவே தகுந்தது என்பது அவர் சொன்ன காரணம். ஹனஃபிகளின் அத்துர்ருல் முக்தார் நூல், ஸாவு என்பது 1040 திர்ஹம் எடையுள்ள பாசிப்பயறோ மசூர்ப் பயறோ கொள்ளும் பாத்திரம் என்று வரையறுக்கிறது. அவற்றில் கொள்ளளவும் எடையும் ஒத்துப்போவதே அதற்கும் காரணம். இரண்டு மத்ஹபுகள், இரண்டு வேறு அளவுகள், ஆனால் ஒரே கவனம். பாத்திரத்தில் கொட்டிய தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெறும் காற்றுதான். உருண்டையும் நுணுக்கமுமான மணி நெருங்கி உட்காரும். நீண்ட மணி ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்து இடைவெளி விடும். பாத்திரத்தைத் தட்டினால் தானியம் இறங்கும்; தட்டாமல் விட்டால் நிற்கும். தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வேறுபாடு எல்லா வீட்டிலும் தெரிந்ததே. எந்தத் தானியத்தைக் கொண்டு மாற்றுகிறோம் என்பதைச் சொல்லாமல் கொள்ளளவை எடையாக்க முடியாது என்பதை அந்த அறிஞர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள். நமது அறிவிப்புப் பலகையில் விட்டுப்போவது அந்தத் தானியத்தின் பெயர்தான். 2.04 என்பது கோதுமையின் எண். அதை அரிசிக்கு அப்படியே எடுத்து வைக்கும்போது மாற்றல் கணக்கின் ஆதாரமே கழன்றுவிடுகிறது.

இன்னொரு சிக்கல் எடைக்கு உள்ளேயே இருக்கிறது. பாக்தாத் ராத்தல் என்பது 130 திர்ஹம் என்றார் இமாம் ராஃபிஈ; 128ம் ஏழில் நான்கும் என்றார் இமாம் நவவீ. முதல் கணக்கில் ஸாவு 693ம் மூன்றில் ஒன்றும் ஆன திர்ஹம். இரண்டாவதில் 685ம் ஏழில் ஐந்தும். அந்த இரண்டாவது எண்ணை எடுத்து, திர்ஹமை 2.975 கிராம் என்று வைத்தால் 2.04 கிலோ வருகிறது, 3.17 கிராம் என்று வைத்தால் 2.17 கிலோவைத் தாண்டுகிறது. ஒரே ஸாவு, ஒரே நூலின் எண். நாணயத்தின் எடையை எப்படி மதிப்பிட்டோம் என்பதிலேயே 130 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. இவ்வளவு நுட்பமாகப் பின்னம் பிரித்த நவவீயே, ராத்தலைக் கொண்டு ஸாவை வரையறுப்பது சிக்கலானது என்றும், சோளம், கொண்டைக்கடலை என்று உள்ளே போடுவதைப் பொறுத்து எடை மாறும் என்றும் எழுதினார். நபிகளாரின் ஸாவோடு சரிபார்த்த பாத்திரத்தால் அளப்பதே சரி; அது கிடைக்காதவர், குறையவில்லை என்று தமக்கு உறுதியாகும் அளவைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இந்த முடிவில் இருக்கும் ஆழத்தை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். மாற்றல் கணக்கில் பிழை தவிர்க்க முடியாதது என்பதை அவர் ஏற்கிறார். துல்லியமான எண்ணைத் தேடி ஓடவில்லை. பிழை யார் பக்கம் விழ வேண்டும் என்று மட்டும் தீர்மானிக்கிறார். கொடுப்பவர் பக்கம்.

இதற்கு எதிராக எழும் வலுவான கேள்வி நோக்கத்தைப் பற்றியது. பெருநாள் அன்று ஏழை பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்குத்தானே ஃபித்ரா? உடலுக்கு வேண்டியது கொள்ளளவு அல்ல. அரிசி, கோதுமை, வாற்கோதுமை எதுவானாலும் ஒரு கிலோவில் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றல்தான் இருக்கிறது. ஒரு ஸாவிலோ தானியத்துக்குத் தானியம் மாறுகிறது. ஆகவே எடைதான் நோக்கத்துக்கு அருகில் நிற்கிறது என்பார்கள். உண்மைதான், பசியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால். ஆனால் நோக்கத்தை வைத்து அளவைத் திருத்தும் முயற்சி புதியதல்ல. அதற்கு நேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. கலீஃபா முஆவியா மதீனாவுக்கு வந்தபோது மிம்பர் மேடையில் ஏறி, சிரியாவின் கோதுமையில் இரண்டு முத் பேரீச்சம்பழத்தின் ஒரு ஸாவுக்கு ஈடாகும் என்று தாம் கருதுவதாகச் சொன்னார். மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஹனஃபி மத்ஹபில் கோதுமைக்கு அரை ஸாவு என்ற சட்டத்துக்கு இது ஓர் ஆதாரம். அபூ ஸயீத் அல்குத்ரீ மட்டும், நபிகளார் காலத்தில் கொடுத்தபடியே கொடுப்பேன் என்று நின்றுவிட்டார். முஆவியாவின் கணக்கில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை. கோதுமை அன்று விலை உயர்ந்தது. ஆனால் விலை நிலையாக நிற்பதில்லை. கோதுமை மலிந்து பேரீச்சம்பழம் விலையேறிய ஊர்களிலும் காலங்களிலும் அந்த அரை ஸாவு அரை ஸாவாகவே தங்கிவிட்டது. நோக்கத்துக்காகச் செய்த மாற்றல், நோக்கம் இடம்மாறிய பின்னும் எண்ணாக உறைந்துபோயிற்று. ஸாவை விட்டுக் கலோரிக்குப் போனாலும் இதுவே நடக்கும்; ஒரு காலத்தின் சத்துணவு அட்டவணை அடுத்த காலத்தின் சட்டமாகிவிடும். பாத்திரமோ எதையும் முன்கூட்டியே தீர்த்துவைப்பதில்லை. அது கொடுப்பவரின் சமையலறையில் இருப்பதை மட்டும் கேட்கிறது.

பாத்திரத்தையும் ஏமாற்றலாம் என்பது அடுத்த கேள்வி. ஒரு ஸாவு பொரியை அளந்து கொடுத்தால் கடமை முடிந்துவிடுமா? முடியாது. அந்தந்த ஊரின் முதன்மை உணவுத் தானியத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்று ஷாஃபி மத்ஹப் சொல்கிறது. மாவைக்கூட அது ஏற்பதில்லை. கொள்ளளவு தனியாக நிற்கும் சட்டமல்ல, எந்தப் பொருள் என்ற சட்டத்தோடு சேர்ந்தே நிற்கிறது. மாவைப் பற்றிய ஹன்பலி கருத்து இன்னும் சுவையானது. மாவு கொடுக்கலாம், ஆனால் அந்தத் தானியத்தின் எடைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் தீர்ப்பு. அரைத்தால் மணி சிதறிப் பரவும், ஒரு ஸாவு மாவில் ஒரு ஸாவு கோதுமை இருக்காது. இங்கே எடை வருகிறது என்பதால் என் வாதம் தளர்வதில்லை, உறுதிப்படுகிறது. அந்த எடையை எங்கிருந்து எடுக்கிறார்கள்? ஒரு ஸாவு கோதுமையை அளந்து, அதன் எடையிலிருந்து. பாத்திரம் பேச வேண்டியதைப் பேசிய பிறகு, அரைத்த பொருளில் அது பொய் சொல்லாதிருக்கத் தராசு துணைக்கு வருகிறது.

வழக்கத்தைக் காட்டி வரும் மறுப்புக்கும் மரியாதையான பதில் வேண்டும், ஏனெனில் அதற்குப் பின்னால் நிற்பவரும் அதே அபூ யூஸுஃப்தான். தானியத்துக்குத் தானியத்தை மாற்றும்போது கூடுதல் குறைவு வட்டியாகிவிடும் என்ற விதியில், கோதுமையும் வாற்கோதுமையும் பேரீச்சம்பழமும் உப்பும் முகத்தல் பொருள்கள். அவற்றைச் சம எடைக்கு மாற்றினால் செல்லாது, சம கொள்ளளவே வேண்டும் என்றார்கள் ஷாஃபிகள். அபூ யூஸுஃபோ, அன்று அவை அளக்கப்பட்டது அன்றைய வழக்கத்தால்; வழக்கம் நிறுத்தலுக்கு மாறினால் சமமும் எடையால் அறியப்படும் என்றார். இன்று அரிசி கிலோவில்தானே விற்கிறது, பிறகு ஸாவு எதற்கு? சந்தை விஷயத்தில் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். எது சமம் என்று இருவரும் ஒப்பும் அளவையே அங்கே செல்லும். ஃபித்ராவில் எதிரே நிற்பவர் இல்லை. அளவைத் தீர்மானிப்பவரும் கொடுப்பவரும் ஒரே தரப்பு; பெறுபவர் பேரம் பேசுவதில்லை, குறைந்தால் கேட்பதுமில்லை. ஒரு தரப்பின் வசதிக்காக மாறிய வழக்கத்தை மறு தரப்பின் உரிமைமேல் ஏற்ற முடியாது. அதோடு, வழக்கம் முழுதாக மாறிவிட்டது என்பதும் பாதி உண்மையே. இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956இல். 11 ஆண்டுகள் கழித்து 1967 தேர்தலில் தி.மு.க. அரிசியைப் பற்றி வாக்குறுதி கொடுத்தபோது அது படியில்தான் கொடுக்கப்பட்டது. ஆட்சிக்கு வந்த அண்ணா தொடங்கியதும் ரூபாய்க்கு ஒரு படி. கடை கிலோவுக்கு மாறிய பின்னும் அடுப்படி மாறவில்லை. உலை வைக்கும்போது இன்றும் அரிசியை ஆழாக்கிலோ டம்ளரிலோதான் அளக்கிறார்கள், தண்ணீரும் அதே டம்ளரில்தான். ஒருவர் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு நம் வீடுகளில் இன்னும் கொள்ளளவில்தான் வாழ்கிறது.

கிலோவின் நன்மையை நான் மறுக்கவில்லை. படி என்று சொன்னால் எந்த ஊர்ப் படி என்று கேட்க வேண்டியிருந்தது. கிலோ எங்கும் ஒன்றே. நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து திரட்டி ஓரிரு நாளில் பங்கிட வேண்டிய மஹல்லா நிர்வாகம் ஒவ்வொரு மூட்டையையும் பாத்திரத்தால் அளக்க முடியாது. கேட்பது இவ்வளவுதான்: எடை தன் மூலத்தை மறக்கக் கூடாது. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சரிபார்த்த ஒரு ஸாவுப் பாத்திரம் இருக்கலாம். அந்த ஆண்டு பங்கிடப்போகும் அரிசியையே அதில் அளந்து, அதை நிறுத்து, அந்த எடையை அந்த அரிசியின் பெயரோடு அறிவிக்கலாம். ஸாவு 2.75 லிட்டர் என்ற கணக்கை வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 800 முதல் 850 கிராம் நிற்கும் அரிசியில் அது 2.2 கிலோவிலிருந்து 2.34 கிலோ வரை போகும். சிறுமணிச் சீரகச் சம்பா ஒருவிதமாகவும் நீளமணிப் பாஸ்மதி வேறுவிதமாகவும் நிற்கும். இரண்டரை கிலோ என்ற எண் அந்த வரம்புக்கு மேலே நிற்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். நவவீ கேட்ட உறுதி அதில் இருக்கிறது. ஆனால் அரபு நாட்டுக் கோதுமைக்குச் சொன்ன 2.04ஐ இங்கே அரிசிக்குப் போதும் என்று எடுத்துவைப்பவர்களிடம் அந்த உறுதி இல்லை. கிரயமாகக் கொடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பாத்திரத்திலிருந்து எடைக்கு, எடையிலிருந்து ரூபாய்க்கு என்று இரண்டு மாற்றல்கள் நடக்கின்றன. முதலில் குறைந்த கிராம் இரண்டாவதில் பணமாகக் குறைகிறது, மலிவான அரிசியின் விலையை எடுத்தால் மறுபடியும் குறைகிறது. அறிவிப்பை எழுதுபவர் இந்த இரண்டு இடத்திலும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். அந்தக் கூடுதல் சில ரூபாயைத் தம் பெருந்தன்மை என்று கொடுப்பவர் கருத வேண்டியதில்லை. பாத்திரம் நிறைந்ததா என்பது உறுதியாகத் தெரியாத இடத்தில் அதுவும் வாங்குபவரின் பங்கே.